எந்த பார்ட் போச்சு? சோதித்துவிட்டு வாங்குங்கள்

கேள்வி (காரைக்குடி, கல்லூரி மாணவர்): அண்ணே, கூடுதலாக ஒரு ராம் (மெமரி) போட்டதிலிருந்து அடிக்கடி நீலத்திரை வந்து கம்ப்யூட்டர் நின்றுவிடுகிறது. விண்டோஸை மறுபடி போட்டும் சரியாகவில்லை.

பதில்: விண்டோஸை விடுங்க தம்பி, ராமைப் பாருங்க. பயாஸில் (கம்ப்யூட்டர் கிளம்பும்போது திறக்கும் அமைப்புப் பக்கம்) ராமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பியை அணைத்துவிட்டு, ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 ஏற்றிய பென்டிரைவிலிருந்து பூட் செய்யுங்கள். ராத்திரி ஓடவிட்டுத் தூங்குங்கள், 4 சுற்றும் முடியட்டும். சிவப்பில் ஒரே ஒரு பிழை வந்தாலும் ‘ஒன்றுதானே’ என்று விட்டுவிடக் கூடாது. வந்தால், ஒவ்வொரு ராமாக அதே ஸ்லாட்டில் தனியாக வைத்து ஓட்டுங்கள். எதைப் போட்டாலும் பிழை வருகிறதென்றால் ஸ்லாட், மதர்போர்டு பக்கம் சந்தேகப்படலாம். கழற்றும்போது தங்க நிறப் பற்களைக் கவனியுங்கள். கறுத்திருந்தால் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு மாட்டுங்கள். செத்துப்போச்சு என்று என்னிடம் வந்த ராம்கள் சில இப்படியே பிழைத்திருக்கின்றன.

கேள்வி (கானாடுகாத்தான், ஆச்சி ஒருவர்): எங்கள் பழைய வீட்டில் கம்ப்யூட்டர் பெட்டியைத் தொட்டால் சுருக்கென்கிறது தம்பி. மாற்றிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீங்க ஆச்சி. பெரும்பாலும் பெட்டியில் குறை இருக்காது, வீட்டு வயரிங்கில் எர்த் இருக்காது. பெட்டிக்கு மின்சாரம் பிரித்துத் தரும் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர் வழியாகக் கொஞ்சம் மின்சாரம் எப்போதும் கசியும். எர்த் இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் பெட்டியிலேயே நிற்கும், மீட்டர் வைத்தால் 110 வோல்ட் பக்கம் காட்டும். ஈரத்துணியால் துடைத்த ஆத்தங்குடிக் கல்லில் வெறுங்காலோடு நின்று தொட்டால் இன்னும் நன்றாக உறைக்கும். எலக்ட்ரீசியனை வரவழைத்து அளக்கச் சொல்லுங்கள். லைனுக்கும் எர்த்துக்கும் நடுவே 230 வோல்ட்டை ஒட்டி வரவேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு மூன்றுக்குள். எர்த் குழி போடும்வரை பிளக்கைப் பிடுங்கியே வையுங்கள். பேரப்பிள்ளைகள் தொடுகிற சாமான்.

கேள்வி (புதுவயல், அரிசி ஆலை): பில் போடும் கம்ப்யூட்டர் பத்து நிமிஷத்தில் அணைந்துவிடுகிறது.

பதில்: ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளைப் போட்டு சிபியு (பிராசசர்) சூட்டைப் பாருங்கள். 95, 100 டிகிரிக்கு ஏறி அணைந்தால் பெரும்பாலும் தூசி அடைப்புதான். தவிட்டுத் தூசியில் எண்ணெய்ப்பசை உண்டு, வெறும் காற்றுக்குப் போகாது, பிரஷ் வேண்டும். புளோயர் அடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (பள்ளத்தூர்): தினமும் தேதி மாறிவிடுகிறது.

பதில்: மதர்போர்டில் இருக்கும் காசு மாதிரியான சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கும். புதிதில் 3 வோல்ட் இருக்கும். 2.7க்குக் கீழே போயிருந்தால் மாற்றிவிடுங்கள்.

கேள்வி (தேவகோட்டை, போட்டோ ஸ்டுடியோ): ஹார்ட் டிஸ்க் டிக் டிக் என்கிறது. டிஸ்க்கில் பிழை தேடும் செக்டிஸ்க் ஓட்டட்டுமா அண்ணே?

பதில்: வேண்டவே வேண்டாம். தலை தேய்ந்த டிஸ்க்கை முழுக்கப் படிக்கவைத்தால் இருக்கிற உயிரும் போய்விடும். டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் 05, சி5, சி6 வரிகளை (கெட்டுப்போன இடங்களின் கணக்கு) மட்டும் பாருங்கள். அவை ஏறியிருந்தால் டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது. சி7 மட்டும் ஏறினால் டிஸ்க்கையும் மதர்போர்டையும் இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள். ஆனால் சத்தம் கேட்டபிறகு இந்த எண்களை நம்பிக் காத்திருக்காதீர்கள். இன்றைக்கே கல்யாணப் படங்களை முதலில் வேறு டிஸ்க்குக்கு எடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.