லேயாவிடம் யார் கேட்டார்கள்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

விடுமுறையில் என் பத்து வயது மகளுக்கு ஸ்டார் வார்ஸ் வரிசையில் முதலில் வந்த மூன்று படங்களையும் காட்டினேன். கடைசிக் காட்சியில் யோடா, ஓபி-வான் என்ற ஜெடாய் வீரர்கள் பக்கத்தில், வில்லன் வேடராக மாறியிருந்த அனகினும் ஆவியாக வந்து நிற்பதைப் பார்த்து, "வேடர் எப்படி நல்லவங்களோட நிக்கிறார்?" என்று கேட்டாள். அவர் திருந்திவிட்டார், மகன் மன்னித்துவிட்டான் என்றேன். அவளுக்குச் சமாதானமாகவில்லை. எனக்கு வேடர் நம் கர்ணனைப் போல ஒரு துயர நாயகனாகவே தெரிகிறார். ஜெடாய்கள் மட்டும் என்ன யோக்கியர்களா? நாயகன், வில்லன் என்று பிரிப்பதே இந்தக் கதையில் அர்த்தமில்லாதது அல்லவா? 1999-க்குப் பிறகு வந்த படங்களை அவளுக்கு இப்போதே காட்டலாமா?

சு.

அன்புள்ள சு.,

காட்டலாம். 2005-இல் வந்த படத்துக்கு மட்டும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள். ஜெடாய் ஆலயத்தில் ஒளிந்திருக்கும் குழந்தைகள் முன்னால் அனகின் வாளை எடுக்கிற இடம் அதில் வருகிறது.

கர்ணனை விட்டுவிடுங்கள். கெட்டவன் கண்கலங்கினால் உடனே கர்ணனை இழுத்து வந்து நிறுத்துவது நமக்குப் பழக்கமாகிவிட்டது. ஜெடாய்களைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. டாட்டூயின் கிரகத்தில் அனகினும் அவன் தாயும் அடிமைகளாக இருந்தார்கள். மகனிடம் சக்தி இருக்கிறது என்று அவனை மட்டும் மீட்டுக் கூட்டிப் போனார்கள். தாயை மீட்க அதன்பிறகும் ஜெடாய்கள் யாரையும் அனுப்பவில்லை. நாயகர்களின் கை கறைபட்டது என்பதைக் காட்ட 2016-இல் வந்த ரோக் ஒன் போதும். தப்பிக்க முடியாத நிலையில் இருக்கும் தன் ஒற்றனை, நாயகர்கள் பக்கத்து ஆளான கேசியன் தானே சுட்டுக் கொல்கிற இடத்தில் அந்தப் படம் எதையும் பூசி மெழுகவில்லை. ஆனால் எல்லார் கையிலும் கறை இருக்கிறது என்பதால் ஒரு கிரகத்தையே எரித்தவர்களும் மற்றவர்களும் ஒன்றாகிவிட மாட்டார்கள்.

எனக்குக் கோபம் வந்தது வேறு இடத்தில். ஒரு குழந்தை சரியான கேள்வி கேட்டிருக்கிறாள். நீங்கள் "மகன் மன்னித்துவிட்டான்" என்று ஒரே வரியில் அவள் வாயை அடைத்துவிட்டீர்கள். மகன் லூக் மன்னித்தான், சரி. அவன் கூடப்பிறந்த மகள் லேயா?

இது எனக்குள் வெகுநாளாக ஓடிக்கொண்டிருக்கும் விஷயம். 1977-இல் வந்த முதல் படத்தை லேயாவை மட்டும் பார்த்துக்கொண்டு ஒருமுறை பாருங்கள். ஊசியை நீட்டியபடி ஒரு எந்திரம் அவள் அறைக்குள் நுழைகிறது, கூடவே வேடர்; கதவு மூடிக்கொள்கிறது. அப்புறம் வேடர் பக்கத்துத் தளபதி டார்கின் உத்தரவு கொடுக்கிறான். அவள் பின்னால் வேடர் நிற்க, வளர்த்த தாய் தந்தையோடு ஆல்டரான் கிரகமே அவள் கண் முன்னால் வெடித்துச் சிதறுகிறது. அந்தத் துக்கத்தைப் படம் யாருக்குக் கொடுக்கிறது? எங்கோ தூரத்தில் ஒரு கப்பலில் இருக்கும் ஓபி-வானுக்கு. அவர்தான் நிலைகுலைந்து உட்காருகிறார்.

கொஞ்ச நேரத்தில் ஓபி-வானும் சாகிறார். லூக் சோர்ந்துபோய் உட்கார்ந்திருக்கிறான். லேயா ஒரு போர்வையை எடுத்து வந்து அவன் தோளில் போர்த்தி ஆறுதல் சொல்கிறாள். கொஞ்சநாள் பழகிய ஒரு கிழவரை இழந்தவனுக்கு, ஒரு கிரகத்தை இழந்தவள் ஆறுதல் சொல்கிறாள்! அவளுக்குப் போர்வை எடுத்து வர அந்தக் கப்பலில் ஆளில்லை. லேயாவாக நடித்த கேரி ஃபிஷருக்குப் படப்பிடிப்பின்போது பத்தொன்பது வயது.

வேடர்தான் தந்தை என்பதெல்லாம் பின்னால் முடிவானது, 1977-இல் இயக்குநர் லூகாஸ் மனத்தில் அது இல்லை என்பார்கள். சரி. 1983-இல் வந்த மூன்றாவது படத்தில் எல்லாமே முடிவாகிவிட்டதே! எண்டோரில் இரவு நேரத்தில் லூக் அவளிடம் உண்மையைச் சொல்கிறான். எங்காவது தூரமாகப் போய்விடு என்று அவள் கெஞ்சுகிறாள். அவன் வேடரிடமே போகிறான்.

அதன்பின் வரும் சண்டையை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன். வெறியில் தந்தையின் கையை வெட்டிவிட்டு, கம்பிகள் துருத்திக்கொண்டிருக்கும் அந்த மணிக்கட்டைப் பார்க்கிறான் லூக். அடுத்து, கையுறை போட்ட தன் எந்திரக் கையைப் பார்க்கிறான். வாளைத் தூக்கி எறிகிறான். மொத்த வரிசையிலும் அதைவிட உயர்ந்த இடம் இல்லை. தன் கையை வெட்டியவரை மன்னிக்க அவனுக்கு எல்லா உரிமையும் உண்டு. ஆல்டரானுக்காக மன்னிக்க அவன் யார்?

சாகிற நேரத்தில் முகமூடியைக் கழற்றச் சொல்லி, வேடர் லேயாவுக்குச் சொல்லி அனுப்புவது என்ன தெரியுமா? என்னிடம் நல்லது மிச்சமிருக்கிறது என்று நீ சொன்னது சரிதான் என்று உன் தங்கையிடம் சொல். அவ்வளவுதான். அவள் பட்ட வேதனையைப் பற்றி ஒரு சொல் கிடையாது.

எங்கள் பெரியப்பா ஒருவர் குடும்பத்தை விட்டுவிட்டுப் போய், உடம்பு முடியாமல் ஆனபிறகு திரும்பி வந்தார். அவர் அடித்த அடியில் பெரியம்மாவுக்கு ஒரு காது போயிருந்தது. அண்ணன் வாசலிலேயே அவர் காலில் விழுந்து உள்ளே கூட்டிப் போனான். ஊரே அவனைக் கொண்டாடியது. அக்கா வேளாவேளைக்குக் கஞ்சி கொடுத்தாள், மாத்திரை எடுத்துக் கொடுத்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. பெற்ற அப்பனிடம் இப்படியா நெஞ்சில் ஈரமில்லாமல் இருப்பாள் என்று எல்லாரும் அவளைத்தான் சொன்னார்கள். ஒருநாள் நான் கேட்டேன். "அண்ணன் மன்னிச்சா அது அண்ணனோட கணக்கு. அம்மா காதுக்கு யாருடா பதில் சொல்றது?" என்றாள். அவளைக் கல்நெஞ்சக்காரி என்று சொன்னவர்களோடு இன்றைக்கும் எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது.

அதனால்தான் உங்கள் மகள் கேட்ட அந்த ஆவிக் காட்சியில் என்னால் மற்றவர்களைப் போல நெகிழ முடிவதில்லை. முதலில் அங்கே அனகினாக நின்றது நடிகர் செபாஸ்டியன் ஷா, வயதான முகம். 2004-இல் டிவிடி வந்தபோது அவரை எடுத்துவிட்டு, ஹேடன் கிறிஸ்டென்சனின் இளம் முகத்தை வைத்தார்கள். வேடராகக் கழித்த அத்தனை வருஷங்களையும் முகத்திலிருந்தே துடைத்துவிட்டார்கள். லேயா அந்தப் பக்கமே பார்ப்பதில்லை; வருகிறாள், லூக்கை அழைத்துக்கொண்டு போகிறாள். படம் அவளுக்கு விட்டுவைத்த ஒரே நேர்மை அதுதான் என்பேன்.

2016-இல் வந்த ஒரு ஸ்டார் வார்ஸ் நாவலில் அவள் வேடரின் மகள் என்பது அம்பலமாகி, அவளுடைய அரசியல் வாழ்க்கையே குலைந்துபோகிறது. செய்தவருக்குக் கிடைக்காத தண்டனை அவளுக்குக் கிடைக்கிறது. 2015-இல் தொடங்கிய படங்களில் அவள் மகன் பென், தாத்தாவின் எரிந்துபோன முகமூடியை வைத்து வழிபடுகிறான். அவனைக் கூட்டி வரச் சொல்லி அவளே அனுப்பிய கணவனைக் கொல்கிறான். 2019-இல் அந்த மகனை மீட்க அவள் அவன் பெயரைக் கூப்பிட்டபடி உயிரை விடுகிறாள். கேரி ஃபிஷர் 2016 டிசம்பரிலேயே இறந்துவிட்டார். முன்பு எடுத்து வைத்திருந்த காட்சிகளை வைத்துத்தான் அதைச் செய்தார்கள். தாயாக மன்னிக்கிற வேலையை அவளுக்குக் கொடுத்தார்கள். மகளாகத் தந்தையை நினைத்து ஆத்திரப்பட, இத்தனை படங்களில் ஒரு முழுக் காட்சி கொடுக்க மனம் வரவில்லை.

போய் உங்கள் மகளிடம், அவள் கேட்டது சரியான கேள்வி என்று சொல்லுங்கள். லேயா மன்னித்தாளா என்று கேட்டால், படம் அதைக் காட்டவில்லை என்பதையும் சொல்லுங்கள். மன்னித்திருக்க வேண்டும் என்று மட்டும் தயவுசெய்து சொல்லிவைக்காதீர்கள்.