கவனக் குறைபாடு என்ற பெயர் எப்படி வந்தது?

ஓரிடத்தில் நில்லாமல் ஓடும் பிள்ளையின் கோளாறுக்கு, ஓட்டத்தை விட்டுவிட்டுக் கவனத்தின் பெயரை ஏன் சூட்டினார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

1968-இல் வெளியான அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு இதைக் குழந்தைப் பருவத்து மிகையியக்க எதிர்வினை என்றே குறித்தது. அதாவது, கண்ணில் படும் துறுதுறுப்பையே கோளாறாக எடுத்துக்கொண்டது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக உளவியலாளர் வர்ஜீனியா டக்ளஸ், 1972-இல் வெளியிட்ட கட்டுரையில், கவனத்தை நீடித்து நிறுத்த முடியாமையும் உந்துதலை அடக்க முடியாமையுமே இக்குழந்தைகளின் அடிப்படைச் சிக்கல் என்று வாதிட்டார்.

இத்துறையில் பயன்படும் தொடர் கவனச் சோதனை ஒன்றில், எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றும். 'ஏ'வை அடுத்து 'எக்ஸ்' வந்தால் மட்டும் பொத்தானை அழுத்த வேண்டும். கேட்பதற்கு விளையாட்டுப் போலத்தான் இருக்கும். ஆனால் 'எக்ஸ்' வந்தும் அழுத்தாமல் விட்டால் அது கவனம் நழுவியதையும், வருவதற்கு முன்பே அழுத்தினால் அது அவசரத்தையும் காட்டுவதாகக் கொள்ளப்படுகிறது. இக்குழந்தைகளிடம் இவ்விரு பிழைகளும் சராசரியாக மற்றவர்களைவிட மிகுந்திருந்தன.

1980-இல் வந்த கையேடு பெயரையே கவனக் குறைபாட்டுக் கோளாறு என்று மாற்றி, மிகையியக்கம் இல்லாமலும் அது இருக்கலாம் என்று ஏற்றது. வகுப்பில் சத்தமின்றி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கும் அதில் இடம் கிடைத்ததுதான், என் பார்வையில், அந்த மாற்றத்தின் பெரும் பயன்.