தொற்று நாட்களில் திருச்சபை: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி (பாளையங்கோட்டை வாசகர்): கொரோனாவில் ஆலயத்தைப் பூட்டியதை எங்கள் சபைப் பெரியவர்கள் சிலர் இன்றும் விசுவாசக் குறைவு என்கிறார்கள். சரிதானா?

பதில்: புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர் அப்படி நினைக்கவில்லை. 1527இல் ஜெர்மனியில் அவர் வாழ்ந்த விட்டன்பெர்க்கில் கொள்ளைநோய் பரவியபோது, ஊரைவிட்டுப் போகச் சொல்லியும் அவர் போகவில்லை. நோயாளிகளைத் தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்தார். மருந்தை வேண்டாம் என்பதும், வேலையில்லாத இடத்துக்குப் போய் நோயை வாங்கி வந்து பிறருக்குக் கொடுப்பதும் கடவுளைச் சோதிக்கும் காரியம் என்று எழுதியவரும் அவர்தான். சாகக் கிடப்பவரிடம் போதகர் போகத்தான் வேண்டும். பாட்டுப் பயிற்சி அப்படி அல்ல. 2020 மார்ச் 10 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், மவுண்ட் வெர்னன் ஊர் ஆலயக் கூடமொன்றில் ஒரு பாடகர் குழுவின் 61 பேர் இரண்டரை மணி நேரம் பயிற்சி செய்தார்கள். அவர்களில் 53 பேருக்கு நோய் கண்டது, இருவர் இறந்தார்கள். வாய்விட்டுப் பாடும்போது நுண்துளிகள் அதிகம் வெளியேறி, மூடிய அறைக்குள் மிதந்துகொண்டிருக்கும். ஆகவே ஆலயத்தைத் திரும்பத் திறக்கும்போது ஏசியை நிறுத்தி ஜன்னல்களையெல்லாம் திறந்துவையுங்கள். பாடகர் குழுவைக் கடைசியில் சேர்த்தால் போதும்.

கேள்வி (நாசரேத் வாசகி): திருவிருந்தில் எல்லாரும் ஒரே பாத்திரத்தில் திராட்சரசம் பருகுகிறோம். அதன் விளிம்பை ஒவ்வொருவருக்கும் துடைத்துத்தானே ஆயர் கொடுக்கிறார். அது போதாதா?

பதில்: போதாது. துணி எச்சிலைத் துடைக்குமே தவிரக் கிருமியைக் கொல்லாது. நாலைந்து பேருக்குப் பிறகு துணியே நனைந்துவிடும். ரசத்தில் ஆல்கஹால் இருக்கிறதே என்பார்கள். சாதாரண ஒயினில் அது 12 சதவீதம் போல இருக்கும். கைக்குப் போடும் சானிடைசருக்கே குறைந்தது 60 சதவீதம் வேண்டும். புளிக்காத திராட்சைச் சாறு பயன்படுத்தும் சபைகளில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

தனிக் கிண்ணங்கள் நல்லது. ஆராதனைக்கு முன்பே ஒருவர், முகக்கவசத்தோடு, மூக்குள்ள குவளையால் ஊற்றித் தட்டை மூடிவைக்க வேண்டும். குடித்த கிண்ணத்தை அதே தட்டில் திருப்பி வைப்பதுதான் வழக்கமான தவறு, அதற்கு வேறு தட்டு வையுங்கள். அப்பத்தைப் பொதுப் பாத்திரத்தில் தோய்த்துக் கொடுப்பதைப் பாதுகாப்பு என்று நம்பாதீர்கள். தோய்க்கும்போது விரல் ரசத்தில் பட்டுவிடலாம். கத்தோலிக்கர்களுக்குச் சிக்கல் குறைவு: அப்பத்தை மட்டும் வாங்கினாலே கிறிஸ்துவை முழுமையாகப் பெறுகிறோம் என்பது அவர்கள் போதனை. ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. சானிடைசர் காயாத கையோடு மெழுகுவத்தி ஏற்றப் போகாதீர்கள், கை தீப்பிடிக்கும்.

கேள்வி (தூத்துக்குடி வாசகர்): தொற்றில் இறந்த உறவினருக்கு ஒரு ஜெபம்கூடச் சொல்லவிடாமல் அடக்கம் செய்துவிட்டார்கள். விதியே அப்படித்தானா?

பதில்: இல்லை. மத்திய சுகாதார அமைச்சகம் 2020 மார்ச்சில் தந்த வழிகாட்டுதலிலேயே வேதவாசிப்புக்கும் தீர்த்தம் தெளிப்பதற்கும் அனுமதி இருந்தது. உடல் வைத்த பையைப் பணியாளர் திறந்து காட்ட, முகத்தைப் பார்க்கவும் செய்யலாம். உடலைக் குளிப்பாட்டுவதும் முத்தமிடுவதும் கட்டித் தழுவுவதும் கூடாது, கூட்டம் கூடக்கூடாது. அவ்வளவே. மற்றதெல்லாம் பயம் செய்த வேலை. அந்த ஏப்ரலில் சென்னையில் ஒரு மருத்துவரை அடக்கம் செய்யவிடாமல் ஆம்புலன்ஸ் மீது கல்லெறிந்தார்கள். அதன் பிறகே, அடக்கத்தைத் தடுப்போருக்கு மூன்று ஆண்டு வரை சிறை என்று தமிழக அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது.

சபை செய்யக்கூடியது, அடக்கப் பணிக்கு ஆறேழு இளைஞர்களை முன்கூட்டியே பழக்கி வைப்பது. கவச உடையைப் போடுவதைவிடக் கழற்றுவதைத்தான் அதிகம் பழக வேண்டும். அசுத்தமான வெளிப்புறம் மேலே படுவது அப்போதுதான். பெட்டி இறக்கும் கயிற்றை ஒரு சதவீதக் குளோரின் கரைசலில் நனையுங்கள்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம் பிளீச்சிங் பவுடர். பிரித்துப் பல மாதம் கிடந்த பவுடரில் வீரியம் இருக்காது. இதே கரைசல் பித்தளைச் சிலுவையையும் குத்துவிளக்கையும் அரித்துவிடும் என்பதால் அவற்றுக்கு 70 சதவீத ஆல்கஹால்தான்.

கடலோரத்தில் இன்னொரு தொல்லை, கல்லறைக் குழியைக் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறும். கேரளத்தின் ஆலப்புழை லத்தீன் கத்தோலிக்க மறைமாவட்டம் 2020 ஜூலையில் உடலைத் தகனம் செய்து சாம்பலைக் கல்லறையில் புதைக்க வழிவிட்டது. கத்தோலிக்கத் திருச்சபை 1963 முதலே தகனத்தை அனுமதிக்கிறது, சாம்பலைத் தூவுவதற்குத்தான் தடை.

கேள்வி (திண்டுக்கல் வாசகி): தடுப்பூசி முகாமுக்குப் பங்கு மன்றத்தைக் கொடுப்பதானால் என்ன பார்க்க வேண்டும்?

பதில்: காத்திருக்க, ஊசி போட, போட்டபின் அரை மணி நேரம் உட்கார என்று மூன்று இடங்கள், உள்ளே வர ஒரு வாசல், வெளியேற வேறு வாசல். கோவிஷீல்டு என்ற கொரோனா தடுப்பூசியின் குப்பி ஒன்றில் பத்துப் பேருக்கான மருந்து இருந்தது, திறந்தால் நான்கு மணி நேரத்தில் தீர்க்க வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட குப்பியைச் சாயங்காலம் மூன்று பேருக்காகத் திறந்தால் ஏழு ஊசி வீண். அன்பியம் எனப்படும் பங்கின் சிறு குடும்பக் குழுக்களின் பொறுப்பாளர்களிடம் வீட்டுவாரிப் பட்டியல் இருக்கும்; மதியமே போன் போட்டு, எந்த மதத்தவரானாலும் சரி, பத்துப் பத்தாக ஆள் சேர்த்துவிடலாம்.