ஏ ரத்த வகையின் உட்பிரிவு ஏ1-ஆ, ஏ2-ஆ: எப்போது பிரித்துப் பார்க்க வேண்டும்?

கேள்வி: தன்னார்வக் கொடையாளர் ஒருவரின் செல்கள் ஆன்டி-ஏ (ஏ-க்கு எதிரான ஆன்டிபாடி) உடன் நன்றாகத் திரள்கின்றன, ஆன்டி-பி உடன் திரளவில்லை. ஆனால் அவருடைய சீரம் பி செல்களோடு ஏ1 செல்களையும் லேசாகத் திரள வைக்கிறது. இவர் ஏ2 வகையா? பையில் எந்த வகை என்று எழுதுவது?

பதில்: ஏ2 ஆக இருக்க வாய்ப்பு உண்டு. ஏ2 கொடையாளர்களில் சுமார் 1 முதல் 8 விழுக்காட்டினரிடம் ஏ1 செல்களைத் திரட்டும் ஆன்டி-ஏ1 காணப்படுகிறது. ஏ2-வும் பி-யும் சேர்ந்த ஏ2பி வகையில் இது 22 முதல் 35 விழுக்காடு. ஆனாலும் உடனே லெக்டினை (ஏ1 செல்களைத் திரட்டும் விதைச் சாறு) எடுக்காதீர்கள். செல்களை சலைனில் மூன்று முறை கழுவி, சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். பிறகு அதே சீரத்தை ஏ1, ஏ2, ஓ செல்களோடும் அவருடைய சொந்தச் செல்களோடும் வைத்துப் பாருங்கள். ஏ1 செல்கள் மட்டும் திரண்டால் ஆன்டி-ஏ1. ஓ செல்களும் திரண்டால் ஆன்டி-ஐ (anti-I) போன்ற, குளிரில் வேலை செய்யும் ஆன்டிபாடியைத் தேடுங்கள். சொந்தச் செல்களே திரண்டால் தன்னெதிர் ஆன்டிபாடியாகவோ, செல்கள் நாணய அடுக்குபோல ஒட்டிக்கொள்ளும் ரூலோவாகவோ இருக்கலாம்.

அடுத்தது லெக்டின். ஒரு சொட்டு ஆன்டி-ஏ1 லெக்டின், ஒரு சொட்டு 2–5 விழுக்காடு செல் கரைசல். தயாரிப்பாளர் தாளில் சொன்ன நேரம், வேகத்தில் சுழற்றித் திரட்சியைப் பாருங்கள். ஏ1 திரளும், ஏ2 திரளாது. (இந்த லெக்டின் கொள்ளு விதையின் சாறுதான்.) நீர்க்காத சாறு ஏ2 செல்களையும் திரட்டும், அதிக நேரம் வைத்தாலும் தவறான முடிவு வரலாம். எனவே தெரிந்த ஏ1, ஏ2 செல்களை ஒப்பீட்டுக்கு (கட்டுப்பாடாக) வைக்காமல் எந்த முடிவையும் எழுத வேண்டாம். ஏ உருவாக அடிப்படையான எச் பொருளைக் காட்டும் ஆன்டி-எச் லெக்டினும் உதவும்: ஏ2 செல்கள் பலமாகத் திரளும், ஏ1 மிக மெலிதாக. பிறந்த குழந்தையின் ரத்தத்தில் இந்தப் பிரிவுச் சோதனையை நம்பாதீர்கள். அப்போது ஏ1 முழுமையாக வெளிப்பட்டிருக்காது.

பையில் ‘ஏ’ என்றே எழுதுங்கள். சிவப்பணுக்களை ஏ நோயாளிக்குத் தரலாம். அந்த ஆன்டி-ஏ1 37 டிகிரியிலும் வேலை செய்தால் பிளாஸ்மாவை ஒதுக்கிவிடுவது நல்லது. அப்படி 37 டிகிரியில் வேலை செய்யும் ஆன்டி-ஏ1 உள்ள அவரே நோயாளியாக வந்தால் ஏ2 அல்லது ஓ சிவப்பணுக்கள்தான் கொடுக்க வேண்டும்.

எல்லாக் கொடையாளருக்கும் இந்தச் சோதனை தேவையில்லை. செல் வகையும் சீரம் வகையும் முரண்படும்போதும், ஆன்டி-ஏ திரட்சி வழக்கத்தைவிட மெலிதாக இருக்கும்போதும் செய்யுங்கள். செல்கள் ‘ஓ’ என்று காட்டி, சீரத்தில் ஆன்டி-ஏ இல்லாவிட்டால் ஏஎக்ஸ், ஏஎம் போன்ற மெலிந்த வகைகளைச் சந்தேகியுங்கள். ஏ, பி இரண்டையும் திரட்டும் ஆன்டி-ஏ,பி உடன் பாருங்கள்; தேவைப்பட்டால் உறிஞ்சல்-பிரித்தெடுப்புச் சோதனைக்கு (செல்லில் ஒட்டிய ஆன்டிபாடியைப் பிரித்தெடுத்துப் பார்ப்பது) அனுப்புங்கள். முடிவு வரும்வரை ‘ஓ’ என்று பையை வெளியே விடக்கூடாது.

உண்மையில் ஏமாற்றுவது ஏ2பி. ஆன்டி-ஏ திரட்சி மெலிந்து கண்ணுக்குத் தப்பினால் செல் ‘பி’ என்று காட்டும்; சீரத்தில் ஆன்டி-ஏ1 இருந்தால் ஏ1 செல்களும் திரண்டு அதே ‘பி’யை ஆமோதிக்கும். முரண்பாடே தெரியாது. அந்தச் சீரத்தில் ஏ2 செல்களைப் போடுங்கள்: உண்மையான பி என்றால் அவையும் திரளும்.