திங்கட்கிழமை வயிற்றுவலி

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பு. இரண்டு மாதமாகப் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் வயிறு வலிக்கிறது என்கிறாள். திங்கட்கிழமை என்றால் கட்டாயம். ஸ்கேன் எடுத்துப் பார்த்தோம், ஒன்றுமில்லை. டியூஷன் முடிந்து ஒன்பதரைக்கு வருவாள், படுக்கப் பன்னிரண்டு ஆகும். நான்கரைக்கு எழுப்பிவிடுவேன். ஞாயிறு மட்டும் பதினோரு மணிவரை தூங்குவாள். காலையில் டிபன் இறங்குவதில்லை. கொடுத்தனுப்பும் தண்ணீர் பாட்டில் அப்படியே திரும்பி வருகிறது. 'நடிக்கிறாள்' என்கிறார் என் கணவர். என்ன செய்வது?
- வாசகி, பெரம்பூர், சென்னை

பதில்: ஸ்கேனில் தெரியாத வலியும் வலிதான், சகோதரி. மனம் பதறினால் குடலின் அசைவே மாறும். பரீட்சை ஹாலுக்குள் நுழையும் முன் கழிவறைக்கு ஓடும் பிள்ளைகளை நீங்களே பார்த்திருப்பீர்கள். இதை உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். வீட்டில் நம்பாவிட்டால் அந்தப் பதற்றமும் சேர்ந்துகொள்ளும்.

எங்களை யோசிக்க வைத்தது அந்தத் தண்ணீர் பாட்டில். "ஸ்கூல்ல பாத்ரூம் போறியா?" என்று கேளுங்கள். தாழ்ப்பாள் விழாது, குழாயில் தண்ணீர் வராது, நாப்கின் போடக் கூடை இருக்காது என்றால், போக வேண்டி வருமே என்று தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பெண்பிள்ளைகள் நிறைய. சென்னை வியர்வையில் இது மலச்சிக்கலில் கொண்டுபோய் விடும். தலைவலி, சிறுநீர்த் தொற்று எல்லாம் கூடவே வரும். வாரத்துக்கு மூன்று முறைக்கும் குறைவாகப் போகிறாளா, கட்டியாகப் போகிறதா என்று விசாரியுங்கள். நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் தண்ணீர் உள்ளே போக வேண்டும். சாப்பிட்டதும் குடல் தானாக அசையும். அதனால் டிபனுக்குப் பிறகு ஐந்து பத்து நிமிடம் அவசரப்படுத்தாமல் உட்காரவிடுங்கள். கழிவறைதான் காரணம் என்றால் இன்னும் இரண்டு மூன்று பெற்றோரைச் சேர்த்துக்கொண்டு தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். வாய்ச்சொல்லைவிட அதற்குப் பலன் அதிகம்.

அடுத்தது தூக்கம். இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். உங்கள் மகளுக்குக் கிடைப்பது நாலரை. பருவ வயதில் தூக்கம் வரவைக்கும் சுரப்பு இரவில் தாமதமாகத்தான் தொடங்கும். பத்து மணிக்குக் கண் சொக்காதது சோம்பலோ பிடிவாதமோ இல்லை. படித்தது மனதில் பதிவதும் தூக்கத்தில்தான், ஆகவே நான்கரைக்கு எழுப்புவதில் லாபத்தைவிட நஷ்டமே அதிகம். ஆறு மணிக்கு எழுப்புங்கள். படுக்கும் நேரத்தை மூன்று நாளைக்கு 20 நிமிடம் என்று முன்னால் நகர்த்தினால் மூன்று வாரத்தில் பத்து மணிக்கு வந்துவிடலாம். இதற்காக டியூஷனில் ஒரு பாடத்தைக் குறைக்க வேண்டியிருந்தால் தயங்காமல் குறையுங்கள். செல்போன் படுக்கையறைக்கு வெளியே இருக்கட்டும், உங்களுடையதும்தான். ஞாயிறு ஏழு மணிக்கு மேல் தூங்கவிடாதீர்கள். அன்று பதினொன்றுக்கு எழுந்தவளுக்கு இரவில் எப்படித் தூக்கம் வரும்? திங்கட்கிழமை வலிக்குப் பாதிக் காரணம் இதுவாகவே இருக்கலாம்.

காலையில் நான்கு இட்லியைத் திணிக்க வேண்டாம். ஒரு வாழைப்பழம், ஒரு கைப்பிடி வேர்க்கடலை போதும். இடைவேளைக்குச் சின்ன டப்பா தனியாகக் கொடுங்கள். ஒரு முறை ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. சாப்பாட்டோடு டீ, காபி குடித்தால் இரும்புச்சத்து சரியாகச் சேராது.

வலிக்கிறது என்று வீட்டில் நிறுத்திக்கொள்ளாதீர்கள். அன்று கிடைக்கும் நிம்மதி மறுநாள் கிளம்புவதை இன்னும் கஷ்டமாக்கும். வகுப்பாசிரியரிடம் சொல்லிவைத்து, தாமதமானாலும் அனுப்புங்கள். ஆனால் காய்ச்சல், வாந்தி, எடை குறைதல், தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, வலது அடிவயிற்று வலி என்றால் உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

எதிரே உட்காரவைத்து விசாரித்தால் பேசமாட்டாள். துணி மடிக்கும்போதோ ஸ்கூட்டரில் போகும்போதோ, "எந்த பீரியடை நினைச்சா வயிறு பிசையுது?" என்று கேளுங்கள். திங்கட்கிழமை டெஸ்டா, திட்டும் ஆசிரியரா, கேலி செய்யும் தோழிகளா என்பது மெல்ல வெளிவரும். சொல்லி முடிக்கும்வரை யோசனை சொல்லாதீர்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். "நான் இல்லாம போனா நல்லது" என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தாலோ அவளைத் தனியே விடாமல், உடனே 14416 எண்ணுக்கு அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசு சேவை அது. கட்டணமில்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.