ஏ.ஏ. கூட்டத்தை எங்கே தேடுவது, முதல் நாள் எப்படிப் போவது?

கேள்வி: என் கணவருக்கு வயது 43. மறுவாழ்வு மையத்தில் ஒரு மாதம் தங்கிச் சிகிச்சை பெற்றார். மூன்று மாதம் குடிக்காமல் இருந்தவர், தீபாவளிக்குப் பிறகு மறுபடியும் தொடங்கிவிட்டார். குடியிலிருந்து மீள முயல்பவர்கள் ஒன்றுகூடிப் பேசும் ஏ.ஏ. கூட்டத்துக்குப் போகும்படி மையத்தில் சொல்லியிருந்தார்கள். விருதுநகர் மாவட்டத்தில் சிறிய ஊரில் இருக்கும் நாங்கள் யாரிடம் கேட்பது? கூட்டம் சர்ச்சில் நடக்கும் என்பதாலும், தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள் என்பதாலும் அவர் தயங்குகிறார். அவருக்குப் பதிலாக நான் போய் விசாரிக்கலாமா?

பதில்: தங்கள் கணவர் இப்போது நாள்தோறும் அதிகமாகக் குடிக்கிறார் என்றால், கூட்டத்தைத் தேடும் முன் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். அப்படிக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால், சில மணி நேரத்திலேயே கைநடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். சிலருக்கு 48 மணி நேரத்துக்குள் வலிப்பும், இரண்டு மூன்று நாள்களில் மனக்குழப்பமும் இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரிவதும் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு. சுவரொட்டியில் விளம்பரம் செய்யப்படும், 'அவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுக்கும்' மருந்துகளை மட்டும் வாங்கிவிடாதீர்கள். அவற்றில் என்ன இருக்கிறதென்று தெரியாது, மதுவோடு சேர்ந்தால் ஆபத்தை விளைவிக்கும் மருந்துகளும் இருக்கின்றன.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற ஏ.ஏ., 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடிநோயிலிருந்து மீள முயன்ற ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவைச் சிகிச்சை மருத்துவரும் தங்களுக்குள் பேசிக்கொண்டதில் தொடங்கியது. இன்றும் அதன் அடிப்படை அதுதான்: குடித்து நொந்த ஒருவர் இன்னொருவரிடம் பேசுவது. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே உறுப்பினராவதற்கான தகுதி. கட்டணமோ முகவரிச் சான்றோ கேட்க மாட்டார்கள். கூட்டத்தில் உண்டியல் சுற்றிவரும்போது விரும்பிய உறுப்பினர்கள் ஏதாவது போடுவார்கள், புதியவர் போட வேண்டியதில்லை. ஆகவே, பெரிய தொகையைக் கட்டணமாகக் கேட்கும் இடம் எதுவானாலும், அது ஏ.ஏ. கூட்டம் அல்ல.

விசாரிப்பதற்கு முதல் இடம், அவர் சிகிச்சை பெற்ற மையம்தான். ஏ.ஏ. உறுப்பினர்கள் இத்தகைய மையங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் வந்து பேசுவது வழக்கம் என்பதால், அங்குள்ள ஆலோசகரிடம் உள்ளூர் உறுப்பினர் ஒருவரின் தொலைபேசி எண் பெரும்பாலும் இருக்கும். அங்கே கிடைக்காவிட்டால், இந்திய ஏ.ஏ. அமைப்பின் இணையதளத்தில் கூட்டங்களின் பட்டியலைப் பார்க்கலாம். மத்திய அரசின் போதை மீட்புக்கான இலவச உதவி எண் 14446இலும் வழி கேட்கலாம். பட்டியலைப் பார்த்தவுடன் பேருந்து ஏறிவிட வேண்டாம் என்பது என் அனுபவம் சொல்லித்தந்தது. கூட்டங்களை நடத்துவோர் சம்பளம் வாங்காத உறுப்பினர்களே. இடமும் நேரமும் மாறிக்கொண்டிருக்கும். பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியவரை இரண்டாம் முறை கிளப்புவது எளிதல்ல.

எனவே முன்கூட்டியே தொலைபேசியில் பேசி, கூட்டம் தமிழில் நடக்குமா, இந்த வாரம் உண்டா, திறந்த கூட்டமா மூடிய கூட்டமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். திறந்த கூட்டத்தில் குடும்பத்தாரும் உட்காரலாம். மூடிய கூட்டம் குடிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டும். எண்ணைத் தேடித் தருவதைத் தாங்கள் செய்யலாம்; பேசுவதை அவர் செய்வதே நல்லது. 'நானும் குடித்தவன்தான்' என்று மறுமுனையில் ஒருவர் சொல்லக் கேட்பது, மனைவியோ மருத்துவரோ பத்து முறை சொல்வதைவிட ஆழமாகப் போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். முதல் நாள் யாராவது ஒருவர் வாசலில் காத்திருந்து அழைத்துச் செல்ல முடியுமா என்றும் அவர் கேட்கட்டும். புதியவருக்கு இவ்வாறு உதவுவதைத் தங்கள் மீட்சியின் ஒரு பகுதியாகவே அவர்கள் கருதுகிறார்கள்.

சர்ச் வளாகத்தில் கூட்டம் நடப்பதற்குப் பெரும்பாலும் காரணம், குறைந்த வாடகைக்கு அங்கே அறை கிடைப்பதுதான், பள்ளிகளிலும் நடப்பதுண்டு. ஏ.ஏ. எந்த மதத்தையும் சார்ந்ததல்ல. கடவுளைப் பற்றிய பேச்சு வரும் என்பது உண்மைதான், ஆனால் 'தான் புரிந்துகொண்ட வகையில்' என்ற சொற்றொடர் அதனுடன் சேர்ந்தே வரும். எந்தக் கடவுளை நினைப்பது என்பது அவரவர் விருப்பம். தெரிந்தவர் பார்த்துவிடுவார் என்ற பயத்துக்கு, பக்கத்து ஊர்க் கூட்டத்தைத் தேர்ந்தெடுப்பது எளிய வழி. மதுரை போன்ற நகரத்துக்குப் போனால் கூட்டத்தோடு கூட்டமாக இருந்துவிடலாம். அங்கே ஒருவரைச் சந்தித்தால் அவரும் அதே காரணத்துக்காகத்தான் வந்திருப்பார். பேச விருப்பமில்லையென்றால் பெயரை மட்டும் சொல்லிவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கலாம். ஒரு கூட்டம் பிடிக்கவில்லையென்றால் வேறு குழுவைப் பார்க்கட்டும். குழுவுக்குக் குழு ஆட்களும் பேச்சும் வேறுபடும். வாரந்தோறும் பயணம் முடியாதபோது இணையவழிக் கூட்டம் கைகொடுக்கும், ஆனால் மாதம் ஒருமுறையாவது நேரில் போவது நல்லது.

அவருக்குப் பதிலாகத் தாங்கள் போவது பயன் தராது, தங்களுக்காகப் போகலாம். குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கென்று 1951இல் தொடங்கப்பட்ட ஆல்-அனான் என்ற தனி அமைப்பு இருக்கிறது, பதின்வயதுப் பிள்ளைகளுக்கு அதன் பிரிவாக ஆலட்டீன் உண்டு. கணவர் குடியை நிறுத்தியிருக்க வேண்டும் என்றோ, அவர் ஏ.ஏ.வுக்கு வர வேண்டும் என்றோ அங்கே நிபந்தனை இல்லை. சில ஊர்களில் ஏ.ஏ. கூட்டம் நடக்கும் அதே நேரத்தில் பக்கத்து அறையில் அது நடப்பதால், தொலைபேசியில் பேசும்போது அதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.