இந்துக்கள் மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் செயிண்ட் ஆன் தேவாலயத்துக்குப் போகலாமா? தோட்டத்தைச் சுற்றிப் பார்க்க விடுவார்களா?

தாராளமாகப் போகலாம். வீட்டில் யாராவது ஏதாவது சொல்வார்களோ என்ற பயத்தில்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அம்மாவை அங்கே கூட்டிப் போன படத்தைக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டதும், "எப்போ ஞானஸ்நானம்?" என்று கேட்டார் என் பெரியண்ணன்.

அம்மா கூலிம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி, பால் எடுத்தவர். ஜூலை கடைசியில் திருவிழா வந்தால் லோரி நிறைய ஆள் ஏறுவார்களாம். அதில் பாதிப் பேர் மாரியம்மனுக்குத் தீ மிதிக்கிறவர்கள். இன்றும் அவருக்கு அது அன்னம்மா கோயில்தான். மரியாளைப் பெற்றவள், இயேசுவுக்குப் பாட்டி. பாட்டியைப் பார்க்கப் போக யாரைக் கேட்க வேண்டும் என்பார்.

நாங்கள் போனது ஒரு சாதாரண புதன்கிழமை. ஜூலை 26 திருவிழாவை ஒட்டிப் போனால் ஜாலான் கூலிமில் கார் நகராது, வயதானவர்களோடு வேண்டாம். 2002-இல் கட்டிய பெரிய கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, 1888-இல் கட்டிய பழைய கோயிலையும் பார்த்தோம். அப்புறம் சிலுவைப் பாதை, இயேசு சிலுவை சுமந்து போனதை நிலை நிலையாகக் காட்டும் வழி. பதினான்கு நிலைகளிலும் அம்மா நின்றார். மூன்றாவதில் இயேசு விழுகிறார், ஏழாவதில் மறுபடியும். ஒன்பதாவதில் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, "இன்னொரு தடவையா? முன்னாடி சிலுவையைத் தூக்கிக் கொடுத்தானே, அந்த ஆள் எங்கே போனான்?" என்றார். ஐந்தாம் நிலையில் பார்த்த சீமோனைச் சொல்கிறார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

வளாகத்தில் இருக்கும் செரோக் தோக்குன் கல்லைத் தவறவிடாதீர்கள். 1845-இல் ஜேம்ஸ் லோ என்ற பிரிட்டிஷ் அதிகாரி கண்டெடுத்த பழைய கல்வெட்டு. பல்லவ எழுத்து வகை, மொழி சமஸ்கிருதம். தமிழ்க் கல்வெட்டு என்று யாராவது அனுப்பினால் நம்ப வேண்டாம். இதற்கு என்னைத் தமிழ்த் துரோகி என்று திட்ட வருகிறவர்கள் வரட்டும்.

மதம் மாற்ற ஆள் பிடிக்கிறேன் என்பவர்களுக்கும் ஒன்று: தைப்பூசத்தில் பினாங்கு சீனர்கள் ரதத்துக்கு முன் தேங்காய் உடைக்கும்போது படமெடுத்துப் பெருமைப்படுகிறோம் இல்லையா? தேவாலயத்தில் பூசை நடக்கும்போது போனால் பின்னால் அமைதியாக உட்காருங்கள். பூசையில் கொடுக்கும் அப்பமான நற்கருணையை வாங்க மட்டும் வரிசையில் நிற்காதீர்கள், அது கத்தோலிக்கர்களுக்கு. முழங்கால் மூடிய உடை போதும்.

அங்கே மரமும் செடியுமாக நிம்மதியாக நடந்துவிட்டு வரலாம்.

புனித நீர் பிடிக்க வெறும் போத்தல் கொண்டுபோங்கள். அம்மா பிடித்து வந்தது சாமி அறையில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. போன வாரம் முதுகுவலி என்று வந்த பெரியண்ணன் அதில் பாதியைக் குடித்துவிட்டுப் போனார். குழுவில் அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.